பாங்காக்கா, சியாங் மாயா, புக்கெட்டா: சாப்பாட்டுக்காகத் தாய்லாந்து போவதென்றால் எந்த ஊர்?

தாய்லாந்துப் பயணம் என்றாலே நம்மவர்கள் முதலில் கடற்கரையைப் போடுகிறார்கள், அப்புறம் கோயில்கள், அப்புறம் ஷாப்பிங். சாப்பாடு கடைசியில் வருகிறது. "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். போன இடத்தில் ஹோட்டல் வாசலில் இருக்கும் இந்திய உணவகத்தில் பட்டர் நானும் பன்னீரும் தின்றுவிட்டு, "தாய்லாந்தில் சாப்பாடு சரியில்லை" என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். உலகத்தில் இவ்வளவு குறைந்த விலைக்கு, இவ்வளவு விதமாக, தெருவில் நின்றபடியே நன்றாகச் சாப்பிடக் கூடிய நாடுகள் மிகக் குறைவு. சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேர விமானம்தான்.

ஆகவே இந்தக் கட்டுரையில் சாப்பாட்டை முதலில் வைத்துப் பார்க்கிறேன். கையில் நான்கைந்து நாள்தான் இருக்கிறது, ஒரு ஊரில்தான் தங்க முடியும் என்றால் பாங்காக்கா, வடக்கே சியாங் மாயா, தெற்கே புக்கெட்டா? பட்டாயாவை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அங்கே கடல் உணவு கிடைக்கும், இந்திய உணவகங்கள் ஏராளம். ஆனால் அந்த ஊருக்கே உரிய சமையல் என்று தேடிப் போக அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

விலை, சுவை, வசதி என்று வரிசைப்படுத்தி ஒப்பிடலாம்தான். ஆனால் நான் பார்த்தவரை முடிவைத் தீர்மானிப்பது நேரம். புக்கெட் காலையில் சாப்பிடும் ஊர். சியாங் மாய் மதியத்து ஊர். பாங்காக் எல்லா நேரமும் தின்னும் என்றாலும் அதன் உச்சம் இரவில்தான். உங்கள் குடும்பம் எந்த நேரத்தில் நன்றாகப் பசியெடுத்துச் சாப்பிடும் குடும்பம் என்று யோசித்தாலே பாதி முடிவு வந்துவிடும். காலை பத்து மணிக்குமேல் எழுந்து குளித்துக் கிளம்புகிறவர்கள் புக்கெட் போனால், அந்த ஊரின் நல்ல சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தவறவிடுவார்கள். இரவு எட்டு மணிக்குப் படுத்துவிடும் பெரியவர்களோடு பாங்காக் போனால் அங்கே சீனர்கள் பகுதியான யாவராத்தை முழுதாகப் பார்க்க முடியாது.

பாங்காக்: இருட்டிய பிறகு

யாவராத் சாலை ஐந்தாம் ராமா மன்னர் காலத்தில் போடப்பட்டது. தென்சீனாவிலிருந்து வந்த தியோச்சூ சீனர்கள் வேரூன்றிய பகுதி. பகலில் தங்க நகைக் கடைகளும் உலர்மீன், மூலிகைக் கடைகளுமாக இருக்கும். மாலை ஆறு மணிக்குமேல் சாலையின் ஓரம் முழுக்க வண்டிகளும் பிளாஸ்டிக் ஸ்டூல்களும் வந்துவிடும். 2019-இல் வாட் மங்கோன் மெட்ரோ நிலையம் திறந்த பிறகு அங்கே போய்வருவது மிகவும் எளிதாகிவிட்டது.

அங்கே ஹோய் தோட் போடும் ஒரு வண்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தட்டையான பெரிய இரும்புக் கல்லில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். நீர்க்கக் கரைத்த மாவில் சிப்பிகளைக் கலந்து அதன் மேல் வீசுகிறார்கள். விளிம்பு முறுகும் வரை யாரும் தொடுவதில்லை. முறுகியதும் மேலே முட்டையை உடைத்து, கரண்டியால் நான்காகப் பிரித்துத் திருப்பிப் போட்டு, ஒரு பக்கம் பயறு முளையை வதக்கி அதன் மேல் தூக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே வழவழப்புமாக இருக்கும். இதே தெருவில் குவே ஜாப் என்று ஒன்று உண்டு. சுருண்ட அரிசி நூடுல்ஸ், பன்றிக் குடல், ஈரல், மொறுமொறுப்பான பன்றி இறைச்சி எல்லாம் போட்டு, மிளகுக் காரம் தொண்டையைப் பிடிக்கும் சூப்பில் தருவார்கள். மிளகு ரசம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காரம் உடனே பிடித்துவிடும். பன்றி சாப்பிடாதவர்கள் இந்தத் தெருவில் கொஞ்சம் கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

பாங்காக்கின் பலம் ஒரு யாவராத்தோடு முடிவதில்லை. நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்த ஊர் இது. அவர்களோடு அவர்கள் சமையலும் வந்தது. வடகிழக்கிலிருந்து, அதாவது ஈசான் பகுதியிலிருந்து வந்தவர்கள் சொம் தம் என்ற பச்சைப் பப்பாளி சாலட், சுட்ட கோழி, ஒட்டும் அரிசிச் சோறு மூன்றையும் தலைநகரின் ஒவ்வொரு சந்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மர உரலில் பூண்டும் மிளகாயும் இடித்து, பச்சைப் பப்பாளித் துருவலைப் போட்டு, எலுமிச்சையும் பனைவெல்லமும் மீன் சாறும் விட்டு இடிக்கும் சத்தம் கேட்காத அலுவலகத் தெரு பாங்காக்கில் இல்லை. வேர்க்கடலை போட்டு இனிப்பும் புளிப்புமாக இருப்பது சொம் தம் தாய். முதல் முறை சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே சரி. ப்ளா ரா என்ற நொதித்த மீன் சாறு விட்டது ஈசான்காரர்களுக்கு உயிர். அந்த மணம் பழக நாளாகும். ஒட்டும் சோற்றைக் கையால் பிய்த்து உருட்டித் தொட்டுச் சாப்பிடுவதுதான் அங்கே முறை. நம் ஆட்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்ன சாப்பிடுவது என்று ஒன்றும் தோன்றாத மதியத்தில் தாய்லாந்துக்காரர்கள் சொல்லும் உணவு பட் கப்ராவ். கொத்திய இறைச்சியைப் பூண்டு, மிளகாய், துளசி இலை போட்டுப் பெருந்தீயில் வதக்கி, சோற்றில் வைத்து, மேலே எண்ணெயில் பொரித்த முட்டையைப் போடுவார்கள். கோயிலில் தீர்த்தத்தில் போடும் அதே துளசி இனம்தான். தீயில் பட்டதும் அது கொடுக்கும் கார மணம் வேறு. 50 முதல் 70 பாத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாத் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய உணவகங்கள் என்று பார்த்தாலும் பாங்காக்குக்குப் பக்கத்தில் மற்ற இரண்டு ஊர்களும் வர முடியாது. சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷ்லின் கையேடு 2017 டிசம்பரில் பாங்காக்குக்கு வந்தபோது, மகாசாய் சாலையில் கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் ஜே ஃபாய் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். கொல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்த் பாங்காக்கில் நடத்திய உணவகம் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. தெற்குத் தாய்லாந்துச் சமையலை மட்டுமே செய்யும் சோர்ன், 2024 நவம்பரில் அறிவித்த பட்டியலில் மூன்று நட்சத்திரம் பெற்றது. தாய் உணவு செய்யும் வேறெந்த உணவகத்துக்கும் அதுவரை அது கிடைத்ததில்லை. அந்தத் தெற்குச் சமையல் கடை இருப்பதும் பாங்காக்கில்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். திங்கட்கிழமை தெருவோர வண்டிகள் பலவற்றுக்கு விடுமுறை. யாவராத்துக்கு என்று ஓர் இரவுதான் ஒதுக்க முடியும் என்றால் அது திங்களாக இருக்க வேண்டாம்.

சியாங் மாய்: மதியம் இரண்டு மணிக்குள்

சியாங் மாய்க்குப் போகிறவர்கள் எல்லாரும் சாப்பிட்டே ஆக வேண்டியது காவ் சோய். மஞ்சள், உலர்ந்த மிளகாய், ஏலக்காய் இவற்றோடு தேங்காய்ப்பால் விட்டுக் கொதித்த குழம்பில் முட்டை நூடுல்ஸ், அதில் எலும்போடு வெந்த கோழிக்கால் அல்லது மாட்டிறைச்சி, மேலே அதே நூடுல்ஸைப் பொரித்து ஒரு கைப்பிடி. பக்கத்தில் சின்னத் தட்டில் புளிக்க வைத்த கடுகுக் கீரை, பச்சையாகச் சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, எண்ணெயில் வறுத்த மிளகாய் விழுது. சென்னை பாரிமுனையில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, மொய்ங்கா கடைகளில் நின்று சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்தக் குடும்பத்துக்கு இது நெருங்கிய சொந்தம். பர்மாவுக்கும் சீனாவின் யுன்னானுக்கும் வடதாய்லாந்துக்கும் இடையில் கோவேறு கழுதைகளோடு போய்வந்த யுன்னான் முஸ்லிம் வணிகர்களோடு சேர்த்துத்தான் இந்த உணவின் கதையைச் சொல்கிறார்கள். இரவுச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பான் ஹோ பள்ளிவாசலைச் சுற்றிய சந்தில் இன்றும் ஹலால் காவ் சோய் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கூடும் சந்தைக்கு மலைக் கிராமங்களிலிருந்து வந்து காய்கறியும் யுன்னான் பண்டங்களும் விற்கிறார்கள்.

காவ் சோய்க்குப் பேர்போன கடைகள் பல காலையில் திறந்து, பிற்பகலில் மூடிவிடும். சில கடைகளில் அதற்கு முன்பே பாத்திரம் காலியாகிவிடும். "ராத்திரி போய்ச் சாப்பிடலாம்" என்று வைத்துவிட்டால் கிடைப்பது சுற்றுலாப் பயணிகளுக்கான இடங்களில் ஆறிப்போன ஒன்றாக இருக்கும்.

வடக்கின் மற்ற உணவுகளைச் சந்தையில்தான் பார்க்க வேண்டும். வாரோரோட் சந்தையில் சுருள் சுருளாகத் தொங்கும் சாய் உவா, எலுமிச்சைப்புல்லும் நார்த்தை இலையும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்த பன்றி இறைச்சிச் சாசேஜ். நாம் ப்ரிக் நும் என்பது பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, பூண்டு, வெங்காயத்தோடு இடித்த துவையல். அவித்த காய்களோடும் ஒட்டும் சோற்றோடும் தொட்டுக்கொள்வார்கள். கேங் ஹங் லே பர்மியப் பூர்வீகமுள்ள குழம்பு. தேங்காய்ப்பாலே கிடையாது. இஞ்சி, புளி, ஊறிய பூண்டு போட்டு மெதுவாகச் சுண்ட விட்டது. தாய் உணவு என்றால் எல்லாமே தேங்காய்ப்பால் என்று நினைப்பவர்களுக்கு வடக்கின் சமையல் பெரிய திருப்பம்.

குடிப்பதற்கு என்று பார்த்தால், என் கணக்கில் சியாங் மாய்தான் முதல் இடம், காரணம் காபி. 1969-இல் மன்னர் பூமிபோல் தொடங்கிய அரசத் திட்டம், மலைகளில் கசகசாப் பயிரிட்டு அபினி எடுத்தவர்களை அராபிகா காபி, பழங்கள், காய்கறிகள் பக்கம் திருப்பியது. அதன் பலனை இன்றைக்கு நிம்மன்ஹேமின் சாலைப் பக்கத்துக் காபிக் கடைகளில் குடிக்கலாம். பக்கத்து மலையில் விளைந்து, அதே ஊரில் வறுத்த காபி. ஃபில்டர் காபிப் பிரியர்கள் பால் போட்டதைக் கேட்காமல் முதலில் ஒரு கோப்பை பாலில்லாமல் குடித்துப் பாருங்கள்.

குறை என்று சொன்னால் புகைதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரிவதால் காற்று மிகவும் மோசமாகிவிடும். குழந்தைகளையோ மூச்சுத்திணறல் உள்ளவர்களையோ அழைத்துக்கொண்டு அந்த மாதங்களில் போகவே கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை அருமையான குளிர்.

புக்கெட்: விடிந்ததும்

புக்கெட் என்றால் பத்தோங் கடற்கரை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரையில் தங்கினாலும், சாப்பிடப் புக்கெட் நகரத்துக்கு வாருங்கள். கடற்கரைப் பக்கத்து உணவகங்களில் எல்லா நாட்டு உணவும் உண்டு, விலையும் உண்டு, இந்தத் தீவின் சமையல் மட்டும் பெரும்பாலும் இல்லை. 2015-இல் யுனெஸ்கோ தன் படைப்பாற்றல் நகரங்களின் வரிசையில் உணவுக்காகச் சேர்த்துக்கொண்ட முதல் தாய்லாந்து ஊர் புக்கெட். அது கடற்கரை விடுதிகளுக்காகக் கொடுத்த பெயர் அல்ல.

தகரச் சுரங்கங்களுக்காகத் தென்சீனாவின் ஹொக்கியன் சீனர்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அந்தக் குடும்பங்களின் சமையல்தான் இன்று பெரனாக்கன் அல்லது பாபா சமையல் என்று பேசப்படுகிறது. பினாங்கோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அதோடு தீவில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் மலாயா வழியே பரப்பிய ரொட்டி இங்கேயும் காலை உணவு. மாவை எண்ணெயில் ஊறப்போட்டு, வீசி விரித்து, மடித்துக் கல்லில் போடும் அந்தக் கையசைவு நமக்குப் பரோட்டாக் கடையில் பார்த்துப் பழகியது. இங்கே மொறுமொறுப்பாகப் போட்டு, மேலே ஒரு முட்டை வைத்து, மசாமன் குழம்போடு தருவார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் மணம் வரும் குழம்பு அது. "காரம் பரவாயில்லை, ஆனால் வெளிநாட்டு மணம் ஒத்துவரவில்லை" என்று சொல்லும் அப்பா அம்மாவை நம்பிக்கையோடு உட்கார வைக்கக் கூடிய இடம் பழைய நகரத்தின் இந்த ரொட்டிக் கடைகள்தான்.

ஆனால் என் மனம் கனோம் ஜீன் கடைகளில்தான் இருக்கிறது. தட்டில் இடியாப்பத்தைவிடச் சற்றுத் தடித்த, பிழிந்த அரிசி நூடுல்ஸ். அதன் மேல் நீங்கள் சுட்டிக்காட்டும் குழம்பு: மீனை மசித்துத் தேங்காய்ப்பாலில் செய்த நாம் யா, நண்டுக் குழம்பு, வேர்க்கடலை போட்ட இனிப்பான நாம் ப்ரிக், நொதித்த மீன் குடலில் செய்து கண்ணில் நீர் வரவைக்கும் கேங் தை ப்ளா. மேசை மேல் தட்டுத் தட்டாகப் பச்சை இலைகள், வெள்ளரிக்காய், பயற்றங்காய், அன்னாசித் துண்டு, ஊறுகாய்க் கீரை, அவித்த முட்டை. இலைகளுக்குத் தனிக் காசு கேட்கமாட்டார்கள். முட்டைக்கு மட்டும் கணக்கு. சாப்பிட வருபவர்கள் குழம்பைவிட இலைகளை அதிகம் அள்ளிப் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். நல்ல கடைகளில் பத்து, பதினொரு மணிக்குள் பிடித்த குழம்பு தீர்ந்துவிடும்.

காலையில் சிறு தட்டுகளில் வரும் திம்சம் என்ற சீனச் சிற்றுண்டி இன்னொரு பழக்கம். அதைப் பற்றி நீட்டப் போவதில்லை, பாங்காக்கிலும் கிடைக்கும். மதியத்துக்கு ஹொக்கியன் மீ: தடித்த மஞ்சள் நூடுல்ஸைக் கடல் உணவோடு பெருந்தீயில் புரட்டி, குழம்பு கொஞ்சம் தங்கும்படி எடுப்பது. வெயில் ஏறியபின் ஓ ஏவ்: ஊறவைத்த விதைகளிலிருந்து எடுத்த வழவழப்பான ஜெல்லி, சிவப்பு பீன்ஸ், சீவிய பனிக்கட்டி, சிவப்புச் சர்க்கரைப் பாகு. நண்டுச் சதையை வெற்றிலை இனத்துக் கீரையோடு தேங்காய்ப்பாலில் கொதிக்க வைத்து, மெல்லிய சேமியாவோடு தரும் கேங் பூ புக்கெட்டின் பெருமை. விலை கூடத்தான். ஒரு முறையாவது வாங்குங்கள்.

புக்கெட்டில் செலவைக் கூட்டுவது போக்குவரத்துதான். பேருந்து வசதி குறைவு, டாக்ஸி விலை அதிகம். கடற்கரையிலிருந்து தினமும் நகரத்துக்குச் சாப்பிட வந்துபோனால் சாப்பாட்டுச் செலவைவிட வண்டிச் செலவு பல மடங்காகிவிடும். எனவே சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் பழைய நகரத்திலேயே அறை எடுப்பது நல்லது. தலாங் சாலையும் சுற்றியுள்ள தெருக்களும் நடந்தே போய்வரக் கூடியவை. மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிக்கும் கடலும் இருக்கும். நகரத்தில் சாப்பிட அது பெரிய தடையில்லை, அறை வாடகையும் குறையும்.

சைவம் என்றால்?

இந்தக் கேள்விதான் நம்மவர்களிடமிருந்து அதிகம் வருகிறது. இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். சாதாரணத் தாய்லாந்துக் கடையில் "காய்கறி மட்டும்" என்று கேட்டால் காய்கறிதான் வரும். ஆனால் அதில் மீன் சாறோ, சிப்பிச் சாறோ, இறால் விழுதோ இருக்கும். கடைக்காரர் ஏமாற்றுவதில்லை. அவர் கணக்கில் அது உப்பு.

நீங்கள் தேட வேண்டியது "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். சீன பௌத்த வழக்கப்படி இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. வெங்காயம் பூண்டு சேர்க்காத குடும்பங்களுக்கு இதைவிட நிம்மதியான உணவு வெளிநாட்டில் கிடைப்பது அரிது. முட்டையோ பாலோ பரவாயில்லை என்பவர்கள் "மங்சவிராத்" என்று சொல்ல வேண்டும். "மை சாய் நாம் ப்ளா" என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று பொருள். இந்த மூன்றையும் போனில் தாய் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் உச்சரிப்புக் குழப்பம் வராது.

ஊர் வாரியாகச் சொன்னால், தினசரிச் சைவத்துக்குச் சியாங் மாய் மிக எளிது. பழைய நகரச் சதுரத்துக்குள்ளேயே சைவ உணவகங்கள் நிறைய. காளானும் டோஃபுவும் போட்ட சைவக் காவ் சோயும் கிடைக்கும். பாங்காக்கில் பெரிய ஃபுட் கோர்ட்கள் பலவற்றில் ஒரு ஜே கவுண்டர் இருக்கும். சிலோம் பக்கம் பான் சாலையில், 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலைச் சுற்றியும், இந்தியர்கள் நிறைந்த பஹுரத் பகுதியிலும் இந்தியச் சைவம் கிடைக்கும்.

புக்கெட் மற்ற நாட்களில் சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் ஒன்பது நாட்கள் ஊரே மாறிவிடும். கத்து பகுதியில் 1825-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா அது. சுய் துய் ஆலயத்தைச் சுற்றிய தெருக்களில் வரிசையாக மஞ்சள் கொடிகள்தான். அலகு குத்துதல், தீமிதி எல்லாம் உண்டு. சைவக்காரர்கள் புக்கெட் போவதென்றால் அந்த நாட்களில் போங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் நம் நவராத்திரியும் அதே நாட்களில்தான் வரும். பாங்காக் மாரியம்மன் கோயிலின் நவராத்திரி ஊர்வலத்துக்குச் சிலோம் சாலையே மூடப்படும். அந்த நேரத்தில் யாவராத்திலும் ஜே உணவு நிறைந்திருக்கும்.

முஸ்லிம் வாசகர்களுக்குப் புக்கெட்தான் எளிது. ஹலால் கடைகள் தேடாமலே கண்ணில் படும்.

வெளிநாட்டு உணவு, ஐஸ் போட்ட பானம்

தாய்லாந்துக்குப் போய் ஜப்பானிய உணவு சாப்பிடுவதா என்று சிலர் கேட்கலாம். பாங்காக்கில் இருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள் என்பேன். அங்கே வாழும் ஜப்பானியக் குடும்பங்களுக்காகவே சுகும்வித் சாலையின் ப்ரோம் போங், தோங் லோ பக்கம் ராமென், சுஷி, யாகிடோரிக் கடைகள் அடர்ந்திருக்கின்றன. வாடிக்கையாளர் ஜப்பானியர் என்பதால் தரம் குறைய வழியில்லை. நம் ஊர் விலையோடு ஒப்பிட்டால் பல நேரம் மலிவு. சுகும்வித் 12-ஆம் சந்தில் கொரிய உணவகங்கள், 3-ஆம் சந்துப் பக்கம் அரபு உணவகங்கள், ஹுவாய் குவாங் பக்கம் சீனத்து மாலா ஹாட்பாட், அதாவது மேசையிலேயே கொதிக்கும் காரச் சூப். இந்த விஷயத்தில் சியாங் மாயோ புக்கெட்டோ போட்டி போட முடியாது.

அமெரிக்கச் சங்கிலிக் கடைகளைப் பற்றி ஒரு வரி போதும். அவை தாய்லாந்துக்காரர்களுக்குத் தகுந்தபடி சோறு, கப்ராவ் என்று மாறிக்கொண்டன. குழந்தை அடம்பிடித்தால் உதவும், மற்றபடி நேரம் வீண். செவன் லெவன் என்ற சிறு கடைச் சங்கிலியின் கதை வேறு. 1989-இல் பாங்காக்கின் பட்போங்கில் முதல் கடை. இப்போது நாடு முழுக்க 15 ஆயிரத்துக்கும் மேல். இரவு இரண்டு மணிக்குப் பசித்தால் அங்கே சூடாக்கித் தரும் சீஸ் டோஸ்ட்டும், கோப்பைச் சூப்பும், சோயாப் பாலும் காப்பாற்றும். அதை ஒரு வேளைச் சாப்பாடாக ஆக்கிக்கொள்வதுதான் தப்பு. வாசலிலேயே யாரோ ஒருவர் கரியில் இறைச்சிக் குச்சி சுட்டுக்கொண்டிருப்பார்.

பானங்களில் எல்லா ஊரிலும் ஆரஞ்சு நிற சா யென் கிடைக்கும். திடமாக வடித்த தேநீரில் சர்க்கரையும் கண்டென்ஸ்டு மில்க்கும் கலந்து ஐஸ் மேல் ஊற்றுவது. 1945-இல் தொடங்கிய சா த்ரா மூ கடைகளில் ஒரே தரமாகக் கிடைக்கும். எச்சரிக்கை ஒன்றுதான்: இனிப்பு மிக அதிகம். "வான் நோய்" என்று சொன்னால் சர்க்கரையைக் குறைப்பார்கள். நீரிழிவு உள்ளவர்கள் சா யென், ஓலியாங் என்ற இனிப்பான கறுப்பு ஐஸ் காபி இரண்டையுமே அளவோடு வைத்துக்கொண்டு, இளநீருக்கும் சர்க்கரை சேர்க்காத தேநீருக்கும் போய்விடுவது நல்லது. ஐஸைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: நடுவில் ஓட்டையுள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையில் செய்வது. நான் தயங்காமல் குடிக்கிறேன். உடைத்த பாளமாக இருந்தால் தவிர்க்கிறேன்.

அப்போ எந்த ஊர்?

முதல் முறை போகிறவர்கள், எல்லாம் சாப்பிடுகிறவர்கள், இரவு பத்து மணிக்கும் நடக்கத் தெம்புள்ளவர்கள் பாங்காக் போங்கள். ரயிலிலேயே எல்லா இடத்துக்கும் போகலாம். ஒரு நாள் ஒருவருக்கு நல்ல இரவு உணவு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது, குழந்தைகளுக்கு அசோக் பக்கத்து டெர்மினல் 21 போன்ற மால்களின் ஃபுட் கோர்ட்டில் 50, 60 பாத்துக்கு நல்ல தட்டுச் சாப்பாடும் இருக்கிறது.

சைவக்காரர்கள், செலவைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள், காபிக்காரர்கள் நவம்பர், டிசம்பரில் சியாங் மாய் போங்கள். மூன்றிலும் கைக்காசு குறைவாகச் செலவாகும் ஊர் அதுதான். இரண்டாம் முறை போகிறவர்களுக்கும் அதுவே பொருந்தும்.

பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள், குழம்பும் மீனும் புளிப்பும் காரமும் வேண்டும், விடிகாலையில் எழும் பழக்கம் உண்டு என்றால் புக்கெட். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மஞ்சளும் மிளகும் தேங்காயும் மீனும் சேர்ந்த தெற்குத் தாய்ச் சமையல் தமிழ் நாக்குக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் அதை நம் உணவு என்று சொல்லிவிட முடியாதபடி கேங் தை ப்ளாவும், நாற்றமடிக்கும் அவரை விதையான சட்டோவும் ஒவ்வொரு வேளையும் புதிதாக ஏதாவது காட்டுகின்றன. கடற்கரைக்காகப் போகும் குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் சாப்பாட்டுப் பிரியர் என்றாலும், முதல் இரண்டு இரவை நகரத்தில் போட்டுவிட்டு அப்புறம் கடற்கரைக்கு மாறிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

ஆறேழு நாள் கிடைத்து இரண்டு ஊர் பார்க்க முடிந்தால், பாங்காக்கோடு புக்கெட்டைச் சேர்ப்பேன். பாங்காக்கை முதலில் வையுங்கள், வார இறுதி இரவுகள் யாவராத்துக்கு விழும்படி. புக்கெட்டுக்கு மாலை விமானமாகப் பார்த்து ஏறுங்கள். காலை விமானம் என்றால் போய்ச் சேர மதியமாகிவிடும், அன்றைய கனோம் ஜீன் முடிந்திருக்கும்.